படத்தில் இருப்பது சீமைக்கருவேலம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சீமைக்கருவேலக் கட்டுரையைப் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன். ‘கிராம மக்களின் அலட்சியத்தால் பரவிய இம்மரம்’ என்ற வரி வந்ததும் இதழை மூடிவிட்டேன். எதிரே ஏரியில் ஒரு ஓரம் முழுக்க ஆகாயத்தாமரை. அள்ளுகிறார்கள், திரும்ப மூடுகிறது. மகள் வீட்டுக்கு வந்த இந்தப் பதினெட்டு வருஷமாக இதே கதைதான். இதற்கு ‘நகர மக்களின் அலட்சியம்’ என்று எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்க்கவில்லை. ஊர் பெரிதானால் அலட்சியத்துக்குச் ‘சுற்றுச்சூழல் சவால்’ என்று பெயர் போலிருக்கிறது.

நான் கமுதிப் பக்கத்துக்காரி. 1877 வாக்கில் அந்த விதையைக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். பிற்பாடு விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நம் அரசாங்கமும் பரப்பியது. தாங்கள் அறியாததா? இதில் எங்கள் ஊர் ஆடுகள் செய்த குற்றம், நெத்து (முற்றிக் காய்ந்த காய்) இனிக்கிறதே என்று தின்றுவிட்டுப் போன இடமெல்லாம் புழுக்கை போட்டது. வேண்டுமானால் ஆட்டின் மேல் வழக்குப் போடுங்கள்.

‘மனம் வைத்தால் ஒழித்துவிடலாம்’ என்று கட்டம் கட்டி வேறு போட்டிருந்தீர்கள். அப்பாவின் இரண்டு ஏக்கரை மீட்கத் தம்பி மனம் வைத்தான், ஜேசிபியும் வைத்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடி, அந்த வருஷத்து மிளகாய்க் காசை முழுங்கியது. வரப்போரம் தூர் எடுபடாமல் நின்றதில், அடுத்த மழைக்கு ஒன்று ஏழாகத் துளிர்த்தது. பக்கத்து நிலத்துக்காரர் குடும்பத்தோடு மும்பை போய் வருஷக்கணக்காகிறது. அங்கிருந்து நெத்து வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. தம்பி மட்டும் மனம் வைத்து என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் உலை வைத்தது அந்த முள்ளை வெட்டிப் போட்ட கரிமூட்டம்தான். எதிர்வீட்டு அக்கா, புகையில் கண் சிவக்க மூட்டத்துக்கு மண் அணைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். நான் மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கண்மாயைக் கெடுத்தது அதுதான். ஆனால் அதை வெட்டு என்பவர்கள், அந்த அக்காவுக்கு அடுத்த வேலை என்ன என்றும் ஒரு வரி எழுதலாம். இதை முன்பே உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. சந்தா முடிவதற்கு நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது, நன்றி.

இப்போது படத்துக்கு வருகிறேன். மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கிய காயுமாக நீங்கள் அச்சிட்டிருப்பது நாட்டுக்கருவேலம், ஐயா! ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்கிறோமே, அந்த வேல். அப்பாவின் கலப்பைக்கு மரம் தந்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வெட்டினார்கள். சில மாதங்களில் நீதிமன்றமே அதற்குத் தடை போட்டது. அந்த இடைவெளியில் எங்கள் கண்மாய்க் கரையில் நின்ற கிழட்டு நாட்டுக்கருவையையும் சேர்த்துச் சாய்த்துவிட்டார்கள். முள் இருந்ததாம், அதனால் வெட்டினார்களாம். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. உங்கள் இதழ் எங்கள் ஊர் டீக்கடைக்கும் போகிறது. அடுத்து வெட்ட வருகிறவன் கையில் இந்தப் படம் இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே அடுத்த இதழில் இரண்டு மரத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சீமையின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும், காய் பழுத்தால் மஞ்சளாகிப் பயற்றங்காய் மாதிரி நீண்டிருக்கும். அடையாளத்துக்குத் தம்பி அனுப்பிய இரண்டு நெத்துகளையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் நீளமானதைத் தயவுசெய்து அலுவலக வாசலில் எறிந்துவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு-8