பாப்பாவின் இப்போதைய உயரத்துக்கு ஒரு சைக்கிள்

தொரப்பாடி, வேலூர்

அன்பு மகனுக்கு,

நேற்று போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் மூன்று பேரும் ஓட்ட சைக்கிள் வாங்கும் விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முன்னும் பின்னும் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், 21 கியர், டிஸ்க் பிரேக், ஆனால் விலை மட்டும் குறைவு. அது வேண்டாம் கண்ணு.

அந்த விலைக்குப் பின்பக்கமும் ஷாக் வைத்துக் கொடுத்தால் வேறு எங்கோ கை வைத்திருப்பார்கள். வண்டியும் கனமாக இருக்கும். மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் அமுங்கி எழும். கால் போடும் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். நாம் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போவதில்லை. பொங்கலுக்கு நீங்கள் வந்தால் விடிகாலையில் பாகாயம் வழியாக ஓட்டேரி ஏரி வரை போவோம், அவ்வளவுதான். அதற்கு முன்பக்க ஷாக் மட்டும் போதும். ஷாக்கே இல்லாவிட்டாலும் டயர் பருமனாக இருந்தால் மண் பாதையில் நன்றாகவே போகும். கியர் பின்னால் ஏழு இருந்தால் தாராளம். பிரேக்கும் ரிம்மை அழுத்திப் பிடிக்கிற ரப்பர் கட்டை பிரேக்கே வாங்கு. தேய்ந்தால் எந்தக் கடையிலும் கட்டை மாற்றிக்கொள்ளலாம்.

வளர்கிற பிள்ளைதானே, பாப்பாவுக்கும் 26 இன்ச் சக்கரமாகவே வாங்கிவிடலாம் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீ ஆறாவது படிக்கும்போது நானும் அப்படி நினைத்துத்தான் பெரிய சைக்கிளாக வாங்கினேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாமல் எத்தனையோ மாதம் குரங்கு பெடல் போட்டாய். கோட்டை அகழி ஓரம் காலை ஊன்ற முடியாமல் விழுந்தாயே, அந்தத் தையல் தழும்பு உன் முழங்கையில் இன்னும் இருக்கிறது. அது என் தப்பு.

ஒன்பது வயதுக்கு 24 இன்ச் சக்கரம் சரியாக இருக்கும். ஆனாலும் அவளைக் கடைக்கு அழைத்துப் போகாமல் வாங்காதே. சீட்டுக்கு முன்னால் இருக்கும் பாருக்கு இருபுறமும் காலைப் போட்டு நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். பாருக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். பிரேக் லீவரை அவள் விரல் எட்டிப் பிடிக்கிறதா என்று பார். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எட்டாவிட்டால் அங்கே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி லீவரைப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

மருமகள் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் பள்ளிக்கூடம் போனவள். தனக்கு எது வசதி என்று அவளுக்கே தெரியும். பார் தாழ்வாக இருக்கிற மாடல்களையும் காட்டச் சொல்.

பார்சலில் வரவழைத்தால் நீயே மாட்டாதே. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் முறுக்கினால் பெடலை மாட்டுகிற கிராங்க் தண்டின் மரையே போய்விடும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டு. இரண்டு மூன்று வாரம் ஓட்டியதும் மறுபடி காட்டு. புது வண்டியில் பிரேக் ஒயர் தளரும், ஸ்போக்ஸ் இளகும். மெக்கானிக் கூலியையும் மூன்று ஹெல்மெட்டையும் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிட்டு, மிச்சத்துக்கு வண்டி பார்.

இங்கே ஏரிப் பக்கமெல்லாம் வேலிக்காத்தான் முள். அதனால் ஸ்பேர் டியூப் ஒன்று கையில் இருக்கட்டும். நம் வீட்டுப் பழைய பம்ப் இந்த வண்டிகளில் வரும், கார் டயரில் இருப்பது போன்ற வால்வுக்குச் சேராது. புதுசு ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

அப்புறம், பாப்பாவைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து, கால் இடுக்கிலிருந்து தரை வரை எத்தனை இன்ச் என்று அளந்து அனுப்பு. இங்கேயும் கடையில் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா