துருவோடு சேர்த்து முத்திரையையும் தேய்த்துவிடாதீர்கள்

இராமநாதபுரம் கடலோரத்துப் பழைய வீடுகளின் வாரிசுதாரர்களுக்கும் பழம்பொருள் வியாபாரிகளுக்கும்,

வணக்கம். தேவிபட்டினம் முதல் இராமேசுவரம் வரை உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பு இல்லை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. அதனாலேயே, பாட்டன் காலத்து ரிவால்வர் ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்துவிடுகிறோம். எங்கள் வீட்டில், உரிமத்தோடு இருந்த, பிரிட்டன் படைக்கெனச் செய்யப்பட்ட வெப்ளி ஆறாம் மார்க் ரிவால்வரை மெருகேற்றித் தருவதாக ஒருவர் வாங்கிச் சென்றார். திரும்பி வந்தபோது அது கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் சட்டகத்தின் வலப்பக்கத்தில் பொறித்திருந்த ஆண்டைக் காணவில்லை, அம்புக்குறியின் ஒரு கால் மட்டும் விரல்நுனிக்குத் தட்டுப்பட்டது. அது எங்கிருந்து எங்கள் கைக்கு வந்தது என்பதற்கு வேறு சான்று எங்களிடம் இல்லை.

அந்த அம்பு பிரிட்டன் அரசின் உடைமைக்குறி. அதன் கீழே ஆங்கில 'ஐ' இருந்தால் இந்திய அரசின் உடைமை. நுனியோடு நுனி முட்டும் இரண்டு அம்புகள் இருந்தால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது. மகுடத்தின் கீழ் குறுக்கிட்ட கொடிகளும் 'பி' எழுத்தும் ராணுவச் சோதனையைக் குறிக்கும். பிரிட்டனில் படைக்கருவி வெளிச்சந்தைக்கு வரும்போது, லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூடத்தில் வழக்கத்துக்கு மிகுந்த அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, வேறு முத்திரை குத்துவார்கள். பர்மிங்காம் கூடம் 1813-இல் சட்டத்தால் அமைந்தது. 1904 முதல் அங்கே மகுடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் பதிந்தன, இவற்றுள் கடைசியானது புகையில்லா வெடிமருந்துக்குரியது. இரண்டு வகை முத்திரைகளும் ஒரே துப்பாக்கியில் இருந்தால், படையில் பணியாற்றிப் பின்னர் விற்பனைக்கு வந்த வாழ்க்கை அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ராணுவக்குறி இல்லாமல் சோதனைக்கூடக் குறி மட்டும் இருந்தால், யாரோ ஓர் அதிகாரி சொந்தக் காசில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

வியாபாரிகளே, உடல் முழுவதும் தேய்ந்திருக்க, அம்பு மட்டும் விளிம்பு கூராக நின்றால் ஐயப்படுங்கள்; அது அண்மையில் வெட்டப்பட்டதாக இருக்கலாம்.

தோட்டா இருக்கிறது என்றே எண்ணி, தெரிந்தவரைக் கொண்டு காலி செய்த பிறகே தொடுங்கள். எண்ணெய் தோய்ந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் குழல், சட்டகம், உருளையின் ஒவ்வோர் அறை என எல்லாவற்றையும் படமெடுத்துவையுங்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணையும் அடையாளக்குறிகளையும் அழிப்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவில் தடைசெய்கிறது என்பதை மெருகேற்றுவோருக்கும் சொல்லுங்கள். உரிமம் இல்லாதவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது, முத்திரைகளையும் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

எங்கள் ரிவால்வரின் ஆறு அறைகளில் இரண்டில் மட்டும் மகுடம் மிஞ்சியிருக்கிறது. இப்போது அதன்மீது எண்ணெய்த்துணி தவிர வேறெதுவும் படுவதில்லை.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து உங்களில் ஒருவன்