விலை ஏறினால் பள்ளி நிறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேளாண் ஏற்றுமதி பெருகினால் பிள்ளைகள் தானாகப் பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்று பேசுகிறோம். பாதிதான் உண்மை.

1990களில் வியட்நாம் அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் உள்நாட்டு விலை ஏறியது. அங்கே பெரும்பாலான கிராமத்துக் குடும்பங்களுக்குச் சொந்தமாகப் பயிரிட வயல் இருந்ததால் காசு நேராக வீட்டுக்கு வந்தது. குழந்தை உழைப்பு குறைந்தது. உயர்நிலைப் பள்ளி வயதுப் பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன்.

பிரேசில் காபியில் கதை வேறு. விலை ஏறிய காலங்களில் பறிக்க ஆள் தேவைப்பட்டது, பிள்ளைகளின் வேலையும் கூடியது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிலர் படிப்பையே விட்டார்கள். ஒரு பருவம் வகுப்பைத் தவறவிட்ட பையன் அப்புறம் திரும்பிப் போவது லேசா என்ன?

ஆக, விலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. நிலம் யாருடையது, அறுவடை நேரத்தில் யாருடைய கை வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த 2024 மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 13.8 கோடி குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில். கணிசமானோர் சொந்தக் குடும்ப நிலத்திலேயே உழைப்பதால் தொழிலாளர் துறை ஆய்வாளர் கண்ணில் படுவதில்லை. ஏற்றுமதிச் சாதனைச் செய்தி வரும்போது, அந்தப் பருவத்தின் பள்ளி வருகைப் பதிவையும் பக்கத்திலேயே வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்