கை கழுவும் தொட்டியில் ஊற்றிய மஞ்சள்: மழைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

எண்ணூர்
அக்டோபர், முதல் வாரம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன் வழக்கமாக நாலு வரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்புவோம். குடை கொடுத்து விடுங்கள், காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுத்து விடுங்கள், அவ்வளவுதான். இந்த முறை கொஞ்சம் நீளம். பள்ளியின் பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது உங்கள் பிள்ளைகள் என்பதால் பாதிப் பேருக்குச் செய்தி ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கும். மீதியை நான் சொல்வதுதான் முறை.

போன மாதம் அறிவியல் டீச்சர் ஏழாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். நம் பள்ளியில் கை கழுவும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? என்னைக் கேட்டிருந்தால் பாதாளச் சாக்கடைக்கு என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அவர்கள் என்னைக் கேட்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் இரண்டு கரண்டி மஞ்சள் தூள் வாங்கி, ஒரு வாளி தண்ணீரில் கரைத்து, தொட்டியில் ஊற்றினார்கள். நாலைந்து பேர் டீச்சரோடு வாசலுக்குப் போய், தெருவோர மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை பக்கத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் "டீச்சர், வந்துடுச்சு!" என்று சத்தம். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சல்லடைக்குக் கீழே பளிச்சென்று மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டி கட்டியபோது, கொத்தனார் பக்கத்தில் எது இருந்ததோ அதில் குழாயைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது நான். குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்காததும் நான்தான். சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை, சாம்பார் எண்ணெய் எல்லாம் இத்தனை வருடம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

இதில் என்ன பெரிய தப்பு, எல்லாம் சாக்கடைதானே என்று சிலர் நினைக்கலாம். நானே அப்படி நினைத்த ஆள்தான். தெருவுக்கு அடியில் ஓடுவது இரண்டு வேறு வேறு வழிகள். பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. அதில் போகும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதன் கடைசியில் எந்த நிலையமும் கிடையாது. விழுந்தது விழுந்தபடி பக்கிங்காம் கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போகும். அங்கிருந்து முகத்துவாரம், அப்புறம் கடல். மழைத் தண்ணீருக்கு மட்டும் போட்ட வழி அது. வடசென்னையில் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம் என்ற பெயரில், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு, 700 கிலோமீட்டருக்கு மேல் வடிகால் போடும் வேலை தொடங்கியதும் மழைத் தண்ணீரை நம்பித்தான். அதில் நாம் கழுவிய தண்ணீரையும் குப்பையையும் விட்டால், கான்கிரீட் எவ்வளவு அகலமாக இருந்து என்ன?

நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நமக்குக் கிழக்கே கடல், மேற்கே கால்வாய், வடக்கே ஆறு. நாம் நடுவில் ஒரு மணல் திட்டில் இருக்கிறோம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆறு தண்ணீர் வாங்காது. ஆறு வாங்காவிட்டால் கால்வாய் வாங்காது. கால்வாய் வாங்காவிட்டால் தெரு வடிகால் வந்த வழியே திரும்பும். அமாவாசை, பௌர்ணமியில் இது இன்னும் அதிகம். அதே நேரம் மேலே பூண்டி ஏரி நிரம்பித் தண்ணீரைத் திறந்தார்கள் என்றால், அதுவும் கொசஸ்தலையாற்றில் இறங்கி நம் வாசலுக்குத்தான் வரும். வடிய வழி கிடைப்பது நாளில் சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தில் சல்லடையில் சாம்பார் கவரும் தெர்மாகோல் துண்டும் அடைத்துக்கொண்டிருந்தால், கடல் அடுத்த முறை இறங்கும் வரை தண்ணீர் வீட்டுக்குள்தான் நிற்கும்.

போன பெற்றோர் கூட்டத்தில் இதை ஆரம்பித்தபோது ஒரு மாணவியின் தந்தை எழுந்து கேட்டார். "ஃபேக்டரிக்காரனை விட்டுட்டு எங்க புள்ளைங்களைக் குப்பை பொறுக்கச் சொல்றீங்களா?" அன்று நேரமாகிவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் கேட்டது நியாயம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையெல்லாம் தார்போல ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளிய காட்சியை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்கு வந்தது. வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. படகும் வலையும் பாழாயின. கூழைக்கடாக்கள் கறுப்பாகி உட்கார்ந்திருந்தன. உங்களில் பலர் கையில் குவளையும் வாளியுமாக எண்ணெய் அள்ளினீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. அதற்கு முன்பே பல வருடங்களாக அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றின் ஆழத்தை மேடாக்கிக்கொண்டு வந்ததும் உங்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்த காக்கா ஆழி என்ற சிப்பி ஆற்றுப் படுகையில் பாய் விரித்ததுபோலப் படர்ந்து, இறாலுக்கு இடமில்லாமல் செய்வதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

இதையெல்லாம் நம் பள்ளியின் மஞ்சள் தண்ணீரோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வராது. பிள்ளைகள் சிப்ஸ் கவரைத் தொட்டியில் போட்டால் ஆறு சுத்தமாகிவிடும் என்று நான் எழுதினால், இந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். குப்பை பொறுக்கவும் எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டோம். வடிகாலுக்குள் இறங்கவோ கையை விடவோ யாருக்கும் அனுமதி கிடையாது, ஆசிரியர்கள் உட்பட. ஆனால் குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பதைப் பிள்ளைகள் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பக்கிங்காம் கால்வாயில் மணலிப் பக்கத்திலிருந்து வந்து விழும் ஓடைகளின் பெயரெல்லாம் இப்போது அவர்கள் நோட்டில் இருக்கிறது. ஆமுல்லைவாயல் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று ஒருவன் என்னிடமே கேட்டான். வரைபடத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். அடுத்தவன் குழாயைக் கேட்பதற்கு முன் நம் குழாயை மாற்றிவிடுவோம் என்பதுதான் என் கணக்கு. பிளம்பர் வந்து மாற்றிவிட்டார். தொட்டித் தண்ணீர் இப்போது பாதாளச் சாக்கடைக்குப் போகிறது.

வீடுகளிலும் வாஷிங் மெஷின் குழாயோ குளியலறைக் குழாயோ வடிகாலில் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் போதும், காசு செலவில்லை. பள்ளி இருக்கும் பெரிய தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறது, உள் தெருக்கள் சிலவற்றில் இல்லை. இல்லாத தெருக்காரர்களிடம் குழாயை மாற்று என்று சொல்வது வெட்டிப் பேச்சு. அவர்கள் கதவு எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்புவோம்.

அடுத்தது குப்பை. மறுசுழற்சி என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். நம் ஊரில் அதை உண்மையில் செய்கிறவர் காயலான் கடைக்காரர். அதனால் அவரையே ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டோம். பள்ளிக் குப்பை மூட்டை ஒன்றை அவர் முன் கொட்டினோம். பத்தே நிமிடத்தில் இரண்டு குவியலாக்கினார். "இது காசு. இது எனக்கு வேணாம்" என்றார். காசுக் குவியலில் பால் கவர், தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, அட்டைப்பெட்டி, இரும்பு. வேண்டாத குவியலில் சிப்ஸ், பிஸ்கட் கவர்கள், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல், எண்ணெயும் சாம்பாரும் ஒட்டிய கவர். பளபளவென்று இருக்கும் சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, பிரிக்க ஆகும் செலவுக்கு அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று டீச்சர் விளக்கினார். கடைக்காரர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கே புதிது. பால் கவரைக்கூட கழுவிக் காயவைக்காமல் கொண்டுவந்தால் விலை கிடையாது. ஈரக் குப்பையோடு கலந்துவிட்டால் காசுக் குவியலும் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் கழுவிக் காயவைத்த பால் கவரைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விடுங்கள். பெரிய வருமானம் ஒன்றும் வராது. வருவதைக் கரும்பலகையில் எழுதி வைப்போம். முட்டை ஓடு, காய்கறித் தோல் எல்லாம் முருங்கை மரத்தடிக் குழியில் மக்கிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் நாற்றம் தாங்கவில்லை, அக்கம்பக்கத்தார் திட்டினார்கள். காய்ந்த இலை போட்டு மூட வேண்டும் என்று ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்ததும் சரியானது.

காலையில் அவசரத்தில் கடையில் இட்லி வாங்கி, பிளாஸ்டிக் தாளில் மடித்து, சூடான சாம்பாரைக் கவரில் கட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் மீன் எடுக்கப் போகும் அம்மாக்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தூக்குவாளி கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். இந்தக் கவர்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்றால், ஆமாம், கிடைக்கிறது. எனக்கும் அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இது படகு வைத்திருக்கும் அப்பாக்களுக்கு. இன்ஜின் ஆயில் மாற்றும்போது பழையதைக் கரை மணலில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்து வையுங்கள். பழைய ஆயிலை வாங்குகிற மெக்கானிக் கடைகள் உண்டு. ஐஸ் பெட்டி உடைந்தால் தெர்மாகோலை அப்படியே கரையில் விடாதீர்கள், அது மணி மணியாக உதிர்ந்துவிட்டால் பிறகு யாராலும் பொறுக்க முடியாது. கிழிந்த நைலான் வலையைக் கடலில் போட்டால் அது கடலுக்கடியிலும் மீனைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். பழைய வலையை விலைக்கு வாங்க காசிமேட்டில் அரசு ஒரு மையம் தொடங்கியிருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போட்டு அனுப்பினால் கட்டுப்படியாகும்.

மழை நாள் பற்றிச் சுருக்கமாக. தேங்கிய தண்ணீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள். மூடி திறந்த குழி இருந்தால் தெரியாது, எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் வரும். காலில் புண் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் பட்டுவிட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் வெந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். வடிகால் அடைப்புக்கு மாநகராட்சி எண் 1913, பாதாளச் சாக்கடைக்குக் குடிநீர் வாரியம் 1916. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எண் இல்லாத புகாருக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பிளம்பர் மாற்றிய குழாய் சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகள் அன்றைக்கு உங்கள் முன்னால் மறுபடியும் மஞ்சள் ஊற்றிப் பார்க்கப் போகிறார்கள். சல்லடை பக்கத்தில் நிற்க என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். போன முறையே சத்துணவு அம்மாவின் மஞ்சளைக் காலி செய்துவிட்டதால், வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்