தேனுவுக்கு அம்மா எழுதறது

தேனு கண்ணு,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற, மெசேஜ் போட்டா ஒரு கட்டைவிரல் மட்டும் வருது, அதனால உக்காந்து எழுதறேன். ராத்திரி சாப்ட்டு முடிச்சுட்டு படி. சாப்பாடுன்னா பால்ல சீரியல் போட்டு குடிக்கறது இல்ல, சோறு வெச்சு சாப்பிடறது. நான் குடுத்து விட்ட பருப்புப்பொடி இன்னும் பிரிக்காமயே இருக்கும்னு எனக்கு தெரியும்.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியத்தைக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தம்பி வீட்டு குட்டி சுவத்த பிடிக்காம நடக்கறா, அப்பா வாக்கிங் போயிட்டு வந்து நியூஸ் பாத்து டென்ஷன் ஆகறார். இன்னும் நிறைய எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், மனசு வேற எங்கயும் போக மாட்டேங்குது.

பிப்ரவரி வந்துடுச்சு. ஸ்கூல் ஆபீஸ் கவுண்டர்ல அத்தன வருஷம் உக்காந்தவளுக்கு பிப்ரவரின்னா என்னன்னு தெரியும்டி, அடுத்த வருஷம் திரும்பி வர்றீங்களா இல்லையான்னு ஒரு பேப்பர் ஒவ்வொரு டீச்சர் பாக்ஸ்லயும் நான்தான் போடுவேன். நீயும் டீச்சர்தானே, உனக்கும் வந்திருக்கும், நீ அதுல என்ன டிக் பண்ணேன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். தம்பி ஏதோ சொன்னான், ஏதோ ஆன்லைன் பாடம் விக்கற கம்பெனியாம், சம்பளம் நல்லா வருமாம், அவன் எதையும் பாதிதான் காதுல வாங்குவான், அதனால நான் அத பெருசா எடுத்துக்கல. நீயா சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஆனா பொங்கலுக்கு வந்தப்ப நீ பூண்டு உரிச்சுக்கிட்டே சொன்னது காதுல நிக்குது. கிளாஸ்ல காலி பெஞ்சு கூடிக்கிட்டே போகுதுன்னு சொன்னே. குளிர்காலத்துல லெட்டூஸ் கீரை அறுக்கற வேலை நம்ம கலிபோர்னியா சலினாஸ்ல இருந்து அரிசோனா யூமாவுக்கு போயிடும், அந்த வேலை செய்யறவங்க குடும்பமும் கூடவே போகும், ஏப்ரல்ல திரும்பி வருவாங்க, அது வருஷா வருஷம் நடக்கறதுதான், அதுக்கு நீ பழகிட்டே. இப்ப ஊர்லயே இருந்துக்கிட்டு வராத பிள்ளைங்க வேறன்னு சொன்னே. 2025 ஜனவரில ஸ்கூல், சர்ச், ஆஸ்பத்திரி பக்கம் போய் இமிக்ரேஷன்காரங்க ஆளப் பிடிக்கறதுக்கு இருந்த கட்டுப்பாட எடுத்துட்டாங்க இல்லையா, அதுக்கப்புறம் வீட்ல இருந்து பிள்ளைய வெளிய அனுப்பவே பயப்படறாங்கன்னு சொன்னே, சொல்லிட்டு பேச்ச மாத்திட்டே. நானும் விட்டுட்டேன். அன்னிக்கு உன் முகத்த பாத்து எனக்கு ஒண்ணும் கேக்க தோணல.

இமிக்ரேஷன் பேப்பர் இருக்கோ இல்லையோ எந்த பிள்ளைக்கும் ஸ்கூல் கதவ மூடக்கூடாதுன்னு 1982லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, டெக்சஸ் கேஸ், பிளைலர். எங்க ஆபீஸ்ல புதுசா சேந்தவங்களுக்கு மொத நாளே அத சொல்லிக் குடுப்பாங்க. வீட்டு விலாசத்துக்கு ஒரு கரண்ட் பில் கேளு, தடுப்பூசி கார்டு கேளு, வேற எதுவும் கேக்காத. கோர்ட் கதவத் திறந்து வெச்சிருக்கு, பிள்ளை ரோட்டுல நடந்து அந்த கதவு வரைக்கும் வந்து சேரணுமே, அதுக்கு யார் என்ன பண்றதுன்னுதான் எனக்கு புரியல. நீ தனியா என்ன பண்ணுவே.

தூங்கறியா இல்லையா? பேப்பர் கட்ட வீட்டுக்கு தூக்கிட்டு வராத. மறுபடியும் சொல்றேன், கட்ட தூக்கிட்டு வராத.

உன்ன கிண்டர்ல சேத்தப்ப குடுத்த அந்த ஃபார்ம் ஞாபகம் இருக்கா, அப்பா ஃபைல்ல காப்பி இன்னும் இருக்கு. பிள்ளை மொதல்ல பேசின மொழி என்ன, வீட்ல அதிகமா பேசறது என்ன, நீங்க பிள்ளைகிட்ட பேசறது என்ன, வீட்டுப் பெரியவங்க பேசறது என்ன, நாலு கேள்வி. கோயில்ல பாக்கறவங்க எல்லாரும் இங்கிலீஷ்னு எழுதிடுங்க இல்லன்னா டெஸ்ட் வெச்சு தனியா உக்கார வெச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. அப்பா கேக்கல. நம்ம மொழிய எதுக்கு மறைக்கணும்னு நாலு இடத்துலயும் தமிழ்னு எழுதினார். உனக்கு டெஸ்ட் வெச்சாங்க, இங்கிலீஷ் லேனர்னு, அதாவது இங்கிலீஷ் இன்னும் கத்துக்கற பிள்ளைன்னு போட்டாங்க, மூணாங்கிளாஸ்ல அதுல இருந்து வெளிய வந்துட்டே. நீ புத்திசாலி, அதுல சந்தேகமில்ல. ஆனா ஸ்கூல்ல இருந்து வந்த லெட்டர அப்பாவால படிக்க முடிஞ்சுது, மீட்டிங்குக்கு லீவு போட முடிஞ்சுது, என்ன மார்க் வந்தா வெளிய விடுவீங்கன்னு டீச்சர்கிட்ட கேக்கவும் தெரிஞ்சுது. அஞ்சாவது முடியற வரைக்கும் ஒரே வீடு, ஒரே ஸ்கூல்.

உன் கிளாஸ்ல இருக்கானே அந்த சாக்கர் பையன், எட்டாவது, அவனுக்கும் கிண்டர்ல அதே ஃபார்ம்தான் குடுத்திருப்பாங்க. இங்கயே பொறந்தவன், பிரெண்ட்ஸ்கூட பூரா நேரமும் இங்கிலீஷ்லதான் கத்தறான்னு நீயே சொன்னே. இன்னும் அவன் இங்கிலீஷ் லேனர். ஆறு வருஷத்துக்கு மேல அதுலயே கிடந்தா லாங் டெர்ம்னு முன்னால ஒரு பேர் சேத்துடறாங்க. விளையாட்டுல பேசற இங்கிலீஷ் ரெண்டு வருஷத்துல வந்துடும், சயின்ஸ் புக்கப் படிச்சு காரணம் எழுதற இங்கிலீஷுக்கு அஞ்சு ஏழு வருஷம் ஆகும்னு நீதான் எனக்கு சொல்லிக் குடுத்தே. அந்த அஞ்சு ஏழு வருஷத்துல ரெண்டு மூணு வருஷம் யூமாவுக்கும் சலினாஸுக்கும் நடுவுல போச்சுன்னா? வீட்ல பேசறது ஸ்பானிஷே இல்ல, திரிக்கி, மெக்சிகோ பழங்குடி மொழி, ஸ்கூல் லெட்டர் ஸ்பானிஷ்ல போகுது, அத வாசிக்க அவங்க அம்மாவுக்கு தெரியாதுன்னு நீ கண்டுபிடிக்கறதுக்கே எவ்வளவு நாள் ஆச்சு. லெட்டர் ஸ்பானிஷ்ல போச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு ஆபீஸ்ல நெனச்சுக்குவாங்க, எனக்குத் தெரியும்.

அந்த பேரால ஒரு பீரியட் போகுது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. தினம் ஒரு பீரியட் இங்கிலீஷ் வளர்ச்சி கிளாஸ், அதுக்கு பதிலா பேண்ட் இல்ல, ஆர்ட் இல்ல, ரோபோட்டிக்ஸ் இல்ல. ஹைஸ்கூல் போனா அதே நெருக்கடில ஏ-ஜின்னு காலேஜுக்கு கேக்கற பாடமெல்லாம் முழுசா எடுக்க முடியாம போகும், அது முடிக்காம யூசி, கால் ஸ்டேட்னு இருக்கற ஸ்டேட் யூனிவர்சிட்டிங்களுக்கு நேரா அப்ளை பண்ண முடியாது. பதினெட்டு வயசுல காலேஜ் இல்லன்னு தெரியறப்ப பிள்ளை படிக்கலன்னுதான் ஊர் பேசும். அது ஆறாவது ஏழாவதுலயே டைம்டேபிள்ல முடிவானது யார் கண்ணுலயும் படாது. வெளிய வந்துட்ட பிள்ளைங்க மாநிலப் பரீட்சைல பல வகுப்புல வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசற பிள்ளைங்களையே மிஞ்சறாங்கன்னு நீ சார்ட்ட காட்டினே. அப்ப ரெண்டு மொழி தெரிஞ்சது எந்த பிள்ளைக்கும் குறை இல்லையே. வெளிய வர்ற வழிய யாரும் காட்டலங்கறதுதான் குறை.

நாடு பூரா 50 லட்சம் பிள்ளைங்க இங்கிலீஷ் லேனரா இருக்காங்க, நாலுல மூணு பேர் ஸ்பானிஷ் பேசற வீடு. கலிபோர்னியால மட்டும் 10 லட்சம். ஸ்டேட்டும் சும்மா இல்ல, 2013ல பண ஃபார்முலாவ மாத்தி இந்த பிள்ளைங்களுக்கும் ஏழைப் பிள்ளைங்களுக்கும் தலைக்கு 20 சதவீதம் கூட குடுக்கறாங்க. அந்த பணம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு வந்ததுக்கப்புறம் எதுக்குள்ள போய் கரையுதுன்னு கேக்க ஆள் வேணும். 21 இங்கிலீஷ் லேனர் இருந்தாலே ஸ்கூல்ல பேரண்ட்ஸ் கமிட்டி வெக்கணும்னு சட்டம். நான் வேலை பாத்த ஸ்கூல்ல அந்த மீட்டிங் காலைல ஒன்பது மணிக்கு, நாற்காலி போடுவேன், காப்பி வெப்பேன், ஒருத்தரும் வரமாட்டாங்க, அப்புறம் அக்கறை இல்லாத பேரண்ட்ஸ்னு பேச்சு வரும். புது பிரின்சிபால் வந்து சாயங்காலம் ஆறரைக்கு மாத்தி, சாப்பாடு போட்டு, சின்னப் பிள்ளைங்கள பாத்துக்க பக்கத்து ரூம்ல ஆள் வெச்சாங்க, அன்னிக்கு கேஃபட்டேரியா நெறஞ்சுது. வேலை உடுப்போட, கையக் கழுவிட்டு வந்து உக்காந்தாங்க. ஒரு அம்மா எழுந்து ஸ்பானிஷ்ல கேட்டாங்க, என் பையன் ஏழாவது வருஷமா இந்த கிளாஸ்ல இருக்கான், எப்ப முடியும்னு. ரூம்ல யாருக்கும் பதில் தெரியல. எனக்கு அன்னிக்குத்தான் நீ எடுத்த வேலை என்னன்னே புரிஞ்சுது கண்ணு, அத உன்கிட்ட சொல்லணும்னு பல தடவ நெனச்சேன்.

உன்ன நெனச்சா எனக்கு பெருமைதான். பெருமையா இருக்கறதாலதான் கோவமும் வருது. பெத்தவகிட்ட ரெண்டு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு என்னடி வேலை.

நீ பிறந்தது 1996. ரெண்டு வருஷம் கழிச்சு கலிபோர்னியால 227ன்னு ஒரு சட்டத்துக்கு ஓட்டு போட்டு ஸ்பானிஷ்ல பாடம் நடத்தறத கிட்டத்தட்ட நிறுத்தினாங்க, பேரண்ட்ஸ் தனியா கையெழுத்து போட்டுக் கேட்டாத்தான் உண்டு. 2016ல 58ன்னு இன்னொரு சட்டம் வந்து, 100க்கு 70 பேருக்கு மேல ஓட்டு போட்டு அத எடுத்தாங்க. நடுவுல 18 வருஷம். அந்த 18 வருஷத்துல ரெண்டு மொழில சொல்லிக் குடுக்கற டீச்சருங்க உருவாகறது ரொம்ப கொறஞ்சு போச்சு, இப்ப ஸ்கூல் திறக்கணும்னு ஆசைப்பட்டாலும் ஆள் கிடைக்கல. நீ தமிழ் வீட்ல பொறந்து ஸ்பானிஷ் படிச்சு அந்த பைலிங்குவல் லைசன்ஸ் வாங்கினது அதனாலதான் பெரிய விஷயம். அப்பா அன்னிக்கு சரியா வாழ்த்து சொல்லாம கம்ப்யூட்டர் படிச்சிருக்கலாமேன்னாரே, இப்ப வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்த சர்டிபிகேட் போட்டோவத்தான் காட்டறார்.

நீ விட்டுட்டுப் போன புக்குங்களோட மெண்டஸ் குடும்பம் பத்தினதும் இங்கதான் இருக்கு, மதியத்துல படிக்கறேன். 1940கள்ல ஆரஞ்சு கவுண்டில சில்வியா மெண்டஸோட அத்தை தன் பிள்ளைங்களையும் கூடப்பொறந்தவன் பிள்ளைங்களையும் ஸ்கூல்ல சேக்க கூட்டிட்டுப் போறாங்க, அத்தை பிள்ளைங்க வெள்ளையா இருந்ததால அவங்கள மட்டும் எடுத்துக்கறேன், சில்வியாவையும் அவ தம்பிங்களையும் மெக்சிகன் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போன்னு சொல்லிட்டாங்க. அத்தை யாரையும் சேக்காம அத்தன பேரையும் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கேஸ் நடந்தப்ப டிஸ்ட்ரிக்ட் சொன்ன காரணமே பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்கறதுதான், சில்வியா நல்லா இங்கிலீஷ் பேசுவா. 1947ல அப்பீல்லயும் ஜெயிச்சாங்க, நிறம் பாத்து ஸ்கூல பிரிக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன பிரவுன் தீர்ப்புக்கு ஏழு வருஷம் முன்னாடி. அந்த அப்பா அம்மா ஒண்ணும் வக்கீல் இல்ல, ரெண்டாம் உலகப்போர்ல தடுப்பு கேம்புக்கு அனுப்பப்பட்ட ஒரு ஜப்பானியக் குடும்பத்தோட நிலத்த குத்தகைக்கு எடுத்து அஸ்பராகஸ் போட்டவங்க. எனக்கு படிக்கப் படிக்க அந்த பள்ளிக்கூட ஆபீஸ் மேசைல உக்காந்திருந்த பொம்பளையே கண்ணுல நிக்கறா. எனக்கும் அவளுக்கும் ஒரே வேலை. பிள்ளையோட முகத்த பாத்து இந்தப் பக்கம் போ அந்தப் பக்கம் போன்னு சொல்ற வேலை, இப்ப அத ஒரு ஃபார்ம் பண்ணுது, ஃபார்முக்குப் பின்னால ஒரு ஆள் நின்னு இவன இன்னும் எதுக்கு இங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கலன்னா முடிவு மாறாது.

அந்த ஆள் நீயாவே காலம் பூரா இருக்கணும்னு நான் சொல்லல. உடம்பு போயிட்டா என்ன பண்ணுவே. போன வருஷம் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்துச்சு, அந்த மாத்திரை தீந்துச்சா? நீ போறதுன்னா போ, எங்க போனாலும் நீ என் பொண்ணுதான். எதுவும் மாறாதுன்னு நெனச்சு மட்டும் போகாத. மாறுது, ஒரு பிள்ளை ஒரு பிள்ளையாத்தான் மாறுது, உனக்கு அது தெரியும், நாலு வருஷத்துல எத்தன பேர வெளிய கொண்டு வந்தேன்னு பேர் பேரா என்கிட்ட சொல்லியிருக்க.

பிப்ரவரில இருந்து மே வரைக்கும் எல்பாக், இங்கிலீஷ் லேனர் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் ஸ்டேட் வெக்கற இங்கிலீஷ் டெஸ்ட். இந்த டெஸ்ட் எதுக்குன்னு பிள்ளைங்களுக்கு யாரும் சொல்றதே இல்ல, எட்டாவது பையன் அலுத்துப் போய் பேசற பகுதில ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டு எழுந்து போயிடறான், நாலு வரவேண்டிய இடத்துல மூணு வந்து இன்னொரு வருஷம் போயிடுது. சாக்கர் பையனுக்கு இந்த தடவ முன்னாடியே சொல்லு, நாலு வந்து, டீச்சர் கருத்து மாதிரி மத்த படியும் முடிஞ்சு வெளிய வந்துட்டா அடுத்த வருஷம் அந்த பீரியட்ல வேற பாடம் எடுக்கலாம்னு சொல்லு. முழு வாக்கியமா காரணத்தோட பேசச் சொல்லி பழக்கு. டீச்சர் கருத்து எழுதற பேப்பர நீயே எழுதி முடி, அடுத்து வர்றவங்களுக்கு விட்டுட்டு போகாத, அவங்களுக்கு அவன தெரியாது. அவங்க அம்மாகிட்ட பேச திரிக்கி தெரிஞ்ச ஆள ஆபீஸ்ல கேட்டு வாங்கு, அந்தப் பையனையே மொழிபெயர்க்க வெக்காத. ஆள் இல்லன்னு சொன்னா எழுத்துல கேளு. எழுத்துல கேட்டா ஆபீஸ்ல சுலபமா தட்டிக் கழிக்க முடியாது, நான் சொல்றேன்.

வர்ற சனிக்கிழமை அப்பாவும் நானும் காலைல கிளம்பி வர்றோம், 101ல டிராபிக் இல்லன்னா பத்து மணிக்குள்ள வந்துடுவோம். மாவு கொண்டு வர்றேன், மாத்திரையும் வாங்கி வெச்சிருக்கேன். வேணாம்னா வியாழக்கிழமைக்குள்ள சொல்லு, கட்டைவிரல் போடாத, வாய் விட்டு சொல்லு.

அம்மா