சிறு ஜோடியும் கடைசிக் கட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் போக்கர் பற்றி வெளியான கட்டுரையில், டோர்னமென்ட்டின் கடைசிக் கட்டத்தில் இரண்டு முதல் ஆறு வரையிலான சிறு ஜோடி (ஒரே எண்ணுள்ள இரு சீட்டுகள்) கைக்கு வந்தால் அதை விடாமல் ஆட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக இதை ஆடியும் கணக்கிட்டும் வருபவன் என்ற முறையில், அந்த அறிவுரை பாதிதான் சரி என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் எல்லோரிடமும் சிப்கள் (பந்தய வில்லைகள்) நிறைய இருப்பதால், சிறு தொகை கொடுத்து ஃப்ளாப்பை, அதாவது மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளைப் பார்த்து, செட் (நம் ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) அமைந்தால் பெரிய தொகையை வெல்லலாம். செட்டோ அதைவிடப் பெரிய கையோ ஃப்ளாப்பிலேயே அமைவது ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒரு முறைதான். ஐந்துகளின் ஜோடி வைத்திருப்பவருக்கு, ஃப்ளாப்பில் ஐந்தைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது நூற்றுக்கு 98 முறை. கையிருப்பு 10, 12 பிக் பிளைண்டாகச் சுருங்கிய பிறகு (பிக் பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை), இப்படிக் காத்திருந்து பார்ப்பதற்குக் கொடுத்த சிப்கள் திரும்பி வருவதில்லை.

அப்போது எஞ்சுவது ஆல்-இன், அதாவது கையிலுள்ள எல்லாச் சிப்களையும் ஒரேயடியாக வைப்பது மட்டுமே. அதை நாம் வைக்கிறோமா, பிறர் வைத்ததற்கு ஈடாக வைத்து ‘கால்’ செய்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவர்கள் ஃபோல்ட் செய்துவிட (சீட்டைக் கைவிட்டு விலகிவிட), பட்டனில் (பிளைண்ட் வைத்த இருவருக்கு மட்டும் முன்னால் ஆடும் இடம்) 12 பிக் பிளைண்டுடன் இருப்பவர் இரண்டுகளின் ஜோடியோடு எல்லாவற்றையும் வைக்கிறார் என்று கொள்வோம். பிளைண்டுகளும் ஆன்டி எனும் கட்டாயத் தொகையும் சேர்ந்து நடுவில் இரண்டரை பிக் பிளைண்ட் கிடக்கிறது. மூன்றில் இரண்டு முறை இருவரும் ஃபோல்ட் செய்தால், கால் வரும்போது நூற்றுக்கு 40 முறை மட்டுமே வென்றாலும், சராசரியாக ஒரு பிக் பிளைண்ட் அளவு லாபம் நிற்கிறது. லாபத்தைத் தருவது அந்த ஜோடியைவிட எதிராளிகளின் தயக்கமே.

கால் செய்பவருக்கு அந்தத் தயக்கத்தின் உதவி இல்லை. எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. பெரிய ஜோடி இருந்தால் ஐந்தில் ஒன்று. ஏழு முதல் ஏஸ் வரையிலான ஜோடிகளோடும் ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணியோடும் மட்டும் ஆல்-இன் வைப்பவருக்கு எதிராக, இரண்டுகள் வெல்வது மூன்றில் ஒரு முறைகூட இல்லை.

இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற எல்லோருக்கும் பரிசு என்ற எல்லையில் இது இன்னும் கடுமையாகிறது. நான்கு பேர் சம சிப்களுடன் இருக்கிறார்கள், பரிசு மூவருக்கு, 50, 30, 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சிப்களைப் பரிசுப் பங்காக மாற்றிக் கணக்கிடும் ஐசிஎம் முறைப்படி ஒவ்வொருவரின் இடமும் மொத்தப் பரிசில் 25 விழுக்காடு பெறும். இன்னொருவரை வெளியேற்றிச் சிப்களை இரட்டிப்பாக்கினாலோ அது 38-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே கால் செய்ய நூற்றுக்கு 65 வெற்றி வாய்ப்பு வேண்டும். சிறு ஜோடியால் அதை எட்ட முடியாது. அதே அச்சம் எதிராளிகளுக்கும் இருப்பதால், நாம் முதலில் வைக்கும் ஆல்-இன்னுக்கு அங்கே மதிப்பு கூடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதை நான் இழப்பின் வழியாகவே கற்றேன். பரிசு கிடைக்க இன்னும் ஒருவர் வெளியேற வேண்டியிருந்த நிலையில் நான்குகளின் ஜோடியோடு கால் செய்தேன். எதிராளி ஏஸும் ராஜாவும் காட்டினார். மேசையில் ஒன்பது, ஒன்பது, ஏழு, இரண்டு எனச் சீட்டுகள் விழுந்தபோது நான்தான் முன்னிலையில் இருந்தேன். கடைசிச் சீட்டாக இன்னொரு ஏழு வந்தது. மேசையிலேயே ஒன்பதும் ஏழும் ஜோடிகளாக அமைந்துவிட்டதால் என் நான்குகளுக்கு வேலையில்லாமல் போனது. கைக்குக் கணக்காகும் ஐந்தாவது சீட்டாக ஏஸை வைத்திருந்தவர் வென்றார். அன்று எனக்கு வலித்தது அந்த ஏழினால் அல்ல. அந்த ‘கால்’ செய்ததுதான் தவறு என்பது, இரவு உட்கார்ந்து கணக்கிட்ட பிறகே புரிந்தது.

எனவே, கட்டுரையாளர் இப்பொருளை மீண்டும் எழுதும்போது, எந்த ஜோடி என்பதோடு, சிப்களை முதலில் நகர்த்தியவர் யார், பரிசுக்கு இன்னும் எத்தனை பேர் வெளியேற வேண்டும் என்பவற்றையும் சேர்த்து விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்