இடுப்பளவு உயரத்தில் ஒரு கார்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள், இந்த வயதில் வீம்பு வேண்டாம். நான் இன்னும் மிலானில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். இங்கே குளிர் தாங்கவில்லை, காபி மட்டும் பிரமாதம்.

போன ஞாயிறு மாப்பிள்ளை என்னை பக்கத்தில் ஆரேசேயில் இருக்கும் ஆல்ஃபா ரோமியோ கார் கம்பெனியின் மியூசியத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ‘33 ஸ்ட்ராடேலே’ என்ற காரின் முன்னால் நின்றவன் அரை மணி நேரம் நகரவில்லை. உயரம் 99 செ.மீ.தான், என் இடுப்புக்குத்தான் வருகிறது. 1967இல் மோன்சாவில் முதலில் காட்டினார்கள். மொத்தமே 18 சேஸிஸ், அதாவது அடிச்சட்டம்தான் செய்தார்கள். அதிலும் சில, பெர்த்தோனே, பினின்ஃபரீனா போன்ற கார் வடிவமைப்புப் பட்டறைகளுக்குக் கண்காட்சி மாதிரிகள் செய்யப் போய்விட்டன.

‘ஸ்ட்ராடேலே’ என்றால் சாலைக்கு உரியது என்று அர்த்தம். பெயர்தான் அப்படி. உள்ளே இருப்பது ஆல்ஃபாவின் பந்தயப் பிரிவான கார்லோ கிட்டியின் ஆட்டோடெல்டா குழு ஓட்டிய ‘டிப்போ 33’ பந்தயக் கார். முன், பின் சக்கரங்களுக்கு இடையில் பத்து செ.மீ. கூட்டி, மேலே அலுமினிய உடம்பைப் போர்த்தினார்கள். எஞ்சினைச் சொன்னால் உனக்குக் கை பரபரக்கும். 1995 சி.சி., வி-8, அதாவது எட்டு சிலிண்டர். கணக்குப் போட்டுப் பார், ஒவ்வொரு சிலிண்டரும் உன் பழைய எஸ்டி பைக் எஞ்சின் அளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 29 குதிரைத்திறன் தருகிறது! மொத்தம் 230, அதுவும் 8,800 ஆர்.பி.எம்.மில். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆகப் பதினாறு. எடையோ 700 கிலோதான்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கீல் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது. பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி மேலும் முன்னுமாகத் திறக்கும். சாலைக் காரில் இப்படிக் கதவு வைத்தது இதுதான் முதல். பக்கக் கண்ணாடியும் வளைந்து கூரைவரை ஏறுகிறது. இவ்வளவு செய்தவர்கள் கதவுக்குப் பூட்டு வைக்கவில்லை. பெட்டி வைக்கவும் இடம் இல்லை. எனக்கென்னவோ அதுதான் பிடித்திருந்தது. வாங்குகிறவன் சந்தைக்குப் போக வாங்கவில்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

தகட்டைக் கையால் தட்டி எடுத்தது மராட்ஸி பட்டறை. அதனால் ஒன்றைப் போல இன்னொன்று அச்சாக இருக்காதாம். நம் பாலிடெக்னிக் பட்டறை நினைவிருக்கிறதா? நாம் தட்டிய மட்கார்டும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. அது வேறு காரணம்.

வடிவமைத்தவர் ஃப்ராங்கோ ஸ்காலியோனே. பெர்த்தோனேயில் இருந்தபோது, 1953 முதல் 55 வரை, ‘பாட்’ என்ற மூன்று ஆல்ஃபா மாதிரிகள் செய்தவர். காற்று எங்கே ஒட்டி எங்கே விலகும் என்பதே அவர் யோசனை. விமானப் பொறியியல் படித்தவர், வேறு எப்படி யோசிப்பார்? ஸ்ட்ராடேலேயிலும் அலங்காரத்துக்கென்று ஒரு கோடு என் கண்ணில் படவில்லை.

அப்புறம் ஒரு செய்தி, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. இரண்டாம் உலகப் போரில் 1941இல் லிபியாவில் டோப்ரூக் பக்கம் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட ஸ்காலியோனேயை, நம் நாட்டில் காங்க்ராவில் உள்ள யோல் முகாமுக்கு அனுப்பினார்கள். 1946 கடைசிவரை அங்கேதான் கைதியாக இருந்தார். ஐந்து வருடம் இமயமலையைப் பார்த்தபடி அந்த மனிதர் என்னென்ன வரைந்து பார்த்தாரோ! 1993இல் இறந்தபோது அவரை நினைத்தவர் அதிகம் இல்லை என்கிறார் மாப்பிள்ளை.

உன் தம்பி மகன் தரம்சாலா பக்கம் ராணுவத்தில் இருப்பதாக எழுதியிருந்தாயே. யோல் அதற்குப் பக்கத்தில்தான். பழைய முகாமில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு எழுது. கால் சரியானதும் நாம் இருவரும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். ரயிலில்தான், உன் எஸ்டியில் இல்லை.

அன்புடன்,
ராமு